சாரி

நண்பர் ஒருவர் கடிதத்தில் என்னை வலதுசாரி விமர்சகன் என்று எழுதியிருக்கிறார். ஒரு கவிதையில் சொல் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தேன், யாருக்காக வேலை செய்கிறது என்று பார்க்கவில்லை, அதுதான் குற்றம். வசவு புதிதல்ல. இந்தத் தடவை உறுத்தியது சொல். அகராதியை எடுத்தேன்.

சாரி குதிரைக்காரனின் சொல். குதிரை வட்டமாக ஓடுவது சாரி. இடப்பக்கம் திரும்பி வந்தால் இடசாரி, வலப்பக்கமானால் வலசாரி. ஒரே குதிரை, ஒரே களம். ஒரு பக்கம் மட்டும் திரும்பத் தெரிந்த குதிரை போருக்கு ஆகாது. கம்பனின் யுத்த காண்டத்தில் தேர்கள் சாரிகை திரிகின்றன. நாட்டிய சாஸ்திரம் காலசைவுகளுக்கு இதே பெயரிட்டு 32 என்று எண்ணுகிறது: தரையில் 16, ஆகாயத்தில் 16. (ஆட்டோக்காரரின் சவாரி பாரசீகச் சொல், ஓசை தவிர உறவில்லை.) எங்கும் அசைவுதான்.

பிறகு சொல் நின்றுவிட்டது. எங்கள் தெருவில் எதிர்ச்சாரி என்றால் எதிர்வரிசை வீடுகள். இடதுசாரி, வலதுசாரி என்பதை நாம் வழங்குவதும் இந்த அர்த்தத்தில்தான்: அவரவர் திண்ணை, அவரவர் கதவிலக்கம்.

இந்தப் பிரிவினை பிரெஞ்சுப் புரட்சியின் சபையிலிருந்து வந்தது. 1789 இல் மன்னனின் தடையதிகாரத்தை ஆதரித்தவர்கள் தலைவருக்கு வலப்புறமும் எதிர்த்தவர்கள் இடப்புறமும் அமர்ந்தார்கள். அவ்வாண்டு நவம்பரிலிருந்து 1793 மே வரை பாரிசில் சபை கூடிய இடம் எது தெரியுமா? துய்லரி அரண்மனையின் குதிரைப் பயிற்சிக்கூடம். குதிரைகள் வட்டமடித்த தரையில் பெஞ்சு போட்டார்கள். பக்கம், அணி, கட்சி என்றெல்லாம் இருக்க, தமிழில் சாரி வந்து ஒட்டிக்கொண்டதை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

பக்கமே கிடையாது என்று நான் சொல்லவரவில்லை. அப்படிச் சொல்கிறவன் பெரும்பாலும் வசதியான திண்ணையில் உட்கார்ந்திருப்பவன். வங்கிக் கவுண்டருக்கு உள்ளே இருப்பவனுக்கு இது தெரியும். ஆனால் தீர்ப்பு எழுதுமுன் கவிதையை இடமாக ஒரு சுற்று, வலமாக ஒரு சுற்று வந்து பார்க்கலாமே. நண்பரின் விமர்சனம் கவிஞரின் முகவரியைக் கண்டுபிடித்ததோடு முடிந்துவிடுகிறது. என்னுடையதும் அரைச் சுற்றுதான். படிமங்களை எண்ணிக்கொண்டிருந்தேன், கவிதையில் கூலிக்காக வரிசையில் நிற்கும் பெண்மேல் என் கண் நிற்கவில்லை. அதை அவர் சரியாகவே பிடித்திருக்கிறார்.

இன்றிரவு அவருக்கு அப்படியே எழுதப்போகிறேன். கூடவே ஒன்று கேட்கவேண்டும். கடைசி வரியில் அவள் கூலி வாங்காமல் திரும்பி நடக்கிறாளே, அது ஏன் என்று அவரும் எழுதவில்லை.