சிறுபட்டினத்தின் கிணறு: சிங்கிளெயர் லூயிசின் ‘மெயின் ஸ்றீட்’ பற்றி ஒரு நோக்கு

சிறுபட்டினமொன்றின் அன்றாட வாழ்வு இலக்கியத்துக்குத் தகுந்த பொருளாகுமா என்னும் வினா முற்போக்கு அணியினரிடையே அவ்வப்போது எழுவதுண்டு. குடும்பம், பொழுதுபோக்கு, ஊர்ச் சங்கம், மாதர் கழகம் என்பனவெல்லாம் அற்ப விஷயங்கள். வேலைநிறுத்தமும் போராட்டமுமே எழுதத்தக்கன என்பார் ஒருசாரார். அன்றாட வாழ்வு அரசியலுக்கு அப்பாற்பட்டது. அதனை உள்ளவாறு சித்திரித்தாற் போதும், வர்க்கம் என்ற பேச்சை அங்கே புகுத்த வேண்டா என்பார் மறுசாரார். எதிரெதிராக நிற்பதுபோலத் தோன்றும் இவ்விரு சாராரும் உண்மையில் ஒரே தவற்றினையே செய்கின்றனர். அன்றாட வாழ்வு வேறு, சமுதாய உறவுகள் வேறு என்று இரண்டாகப் பிரித்துவிடுகின்றனர். இப்பிரிவினை எத்துணைப் பொய்யானது என்பதை உணர்வதற்கு, 1920ஆம் ஆண்டில் வெளிவந்த ‘மெயின் ஸ்றீட்’ என்னும் அமெரிக்க நாவல் நமக்குப் பெரிதும் உதவும்.

அதன் ஆசிரியர் சிங்கிளெயர் லூயிஸ், 1885இல் மினசோட்டா மாநிலத்துச் சோக் சென்றர் என்னும் சிறுபட்டினத்தில் வைத்தியர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். 1930இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசினைப் பெற்ற முதல் அமெரிக்கரும் அவரே. தாம் பிறந்த ஊரையே ‘கோபர் பிறெய்ரி’ என்னும் கற்பனை ஊராக்கி இந்நாவலை எழுதினார். சென்ற் போல் நகரத்து நூலகமொன்றிற் பணிபுரிந்த கரோல் என்னும் படித்த பெண், கெனிக்கொற் என்ற டொக்டரை மணந்து இவ்வூருக்கு வருகின்றாள். ஊரை அழகுபடுத்த வேண்டும், மக்களின் இரசனையை உயர்த்த வேண்டும் என்று அவள் கனவு காண்கின்றாள். ஊர் அவளைத் தன் வழிக்கு இழுக்கின்றது. கதை சுருக்கமாக இவ்வளவே.

இந்நாவலைப் பற்றிப் பொதுவாகக் கூறப்படுவது யாது? சிறுபட்டினத்து மக்களின் மந்தபுத்தியையும், இரசனைக் குறைவையும், வம்பளப்பையும் எள்ளி நகையாடிய நூல் என்பதே. இது பாதி உண்மை. ஆயின், இப்பாதி உண்மையோடு அமைதி கொள்வோமாயின் நூலின் உயிர்நிலையைத் தவறவிட்டவராவோம்.

கரோல் ஊருக்கு வந்த அன்று வீதிகளைச் சுற்றிப் பார்க்கின்றாள். முப்பத்திரண்டு நிமிடங்களில் ஊர் முழுவதும் முடிந்துவிடுகின்றது. அவள் கண்ணுக்குப் படுவன அழுக்கும் அலங்கோலமுமே. அதே நாளில், அதே வீதியில், வேறொரு பெண்ணும் நடக்கின்றாள். அறுபத்தேழு பேரே வாழும் குக்கிராமமொன்றிலிருந்து வீட்டு வேலை தேடி வந்த பீயா என்னும் ஸ்கண்டிநேவிய விவசாயியின் மகள் அவள். கரோலுக்கு அருவருப்பூட்டிய அதே கடைகள் அவளுக்கு வியப்பூட்டுகின்றன. இத்தகைய பெரிய பட்டினத்திலே குறைந்த கூலிக்கேனும் தங்கிவிட வேண்டும் என்று அவள் முடிவு செய்கின்றாள். வீதி ஒன்றுதான்; பார்வைகள் இரண்டு. ‘அழகு’, ‘அழகின்மை’ என்பன பார்ப்பவரின் சமுதாய நிலையோடு பிணைந்தவை என்ற உண்மையை இதனினும் எளிமையாக எவ்வாறு உணர்த்த முடியும்?

இனி, அவ்வூரின் பொழுதுபோக்குகளையும் கழகங்களையும் நோக்குவோம். டொக்டர் கெனிக்கொற்றுக்கு ஐந்து பொழுதுபோக்குகள் உண்டு என்கின்றார் லூயிஸ். வைத்தியம், காணி வாங்கி விற்றல், மனைவி கரோல், மோட்டார் வண்டி, வேட்டை என்பனவே அவை. இவ்வரிசையை வாசகர் சிரித்துக்கொண்டே கடந்துவிடக்கூடும். ஆயினும் சற்று நின்று சிந்தித்தல் வேண்டும். தொழிலும், காணி வியாபாரமும், மனைவியும் ஒரே பட்டியலில் இடம்பெறுகின்றன. மனைவி இங்கே உடைமைகளுள் ஒன்று. வீட்டுச் செலவுக்கான பணத்தைக் கணவனிடம் ஒவ்வொரு முறையும் கேட்டுப் பெற வேண்டிய அவமானத்தைக் கரோல் அனுபவிப்பதாக வரும் பகுதி இதற்குச் சான்று. நேற்றுவரை தன் சம்பளத்தில் வாழ்ந்தவள் இன்று கைநீட்டி நிற்கின்றாள். குடும்பம் என்னும் அன்பு மண்டபத்தின் அத்திவாரத்திற் பொருளாதாரம் கிடப்பதை லூயிஸ் மறைக்கவில்லை.

அதேவேளை, கெனிக்கொற்றை அவர் வெறும் கேலிப் பொருளாக்கவுமில்லை. இரவு வேளையில் விவசாயி ஒருவனின் வீட்டிலே, விளக்கு வெளிச்சத்தில், அவனது நசுங்கிய கையை அவர் துண்டித்து உயிரைக் காக்கும் கட்டம் ஒன்றுண்டு. தீப்பற்றக்கூடிய ஈதரைக் கரோலே கொடுக்கின்றாள். திறந்த சுடர் அருகில் இருக்கின்றது. வீடே வெடித்துவிடக்கூடிய அபாயத்தை அறிந்தும் அவர் நடுங்கவில்லை. உழைப்பின்போது இம்மனிதன் பெருமை பெறுகின்றான்; காணிவிலை பேசும்போது சிறுமை அடைகின்றான். பாத்திரப் படைப்பில் முரண்பாட்டை இவ்வாறு கையாளுவதே யதார்த்தவாதியின் திறன். நல்லவர், தீயவர் என்று இரு வரிசை அமைத்து எழுதும் நம் இளம் எழுத்தாளர் இக்கட்டத்தைக் கற்க வேண்டும்.

ஊர்ச் சீமாட்டிகளுக்கு ‘தனற்றொப்சிஸ்’ என்றொரு கல்விக் கழகம் உண்டு. ஆங்கிலக் கவிஞர் அனைவரையும் ஒரே கூட்டத்திற் ‘படித்து’ முடிக்கும் கழகம் அது. இதனைக் கண்டு சிரிப்பது எளிது. ஆனால் அக்கழகம் நடத்தும் ஓய்வு அறையை நோக்குக. சந்தைக்கு வரும் விவசாயிகளின் மனைவியர், கணவன்மார் அலுவல்களை முடிக்கும்வரை காத்திருப்பதற்கான அறை அது. பட்டினத்து வீடுகளிற் கழித்துவிடப்பட்ட உடைந்த நாற்காலிகளே அங்குள்ள தளபாடங்கள். அப்பெண்களின் குடும்பங்கள் விளைவிக்கும் கோதுமையாலேயே கோபர் பிறெய்ரியின் வங்கியும் கடைகளும் ஆலையும் வாழ்கின்றன. வாழ்விப்பவருக்கு உடைந்த நாற்காலி. வாழ்பவருக்குக் கவிதைக் கூட்டம். சமூக சேவை என்பது உரிமையின் இடத்தைத் தருமம் பறித்துக்கொள்ளும் ஏற்பாடாகவும் அமையலாம் என்பதற்கு இதனினும் தெளிவான உதாரணம் வேண்டுமோ?

இவ்வூரின் நட்புறவு எத்தகையது என்பது இருவரின் கதையில் வெளியாகின்றது. முதலாவது, மைல்ஸ் பியோர்ன்ஸ்ரம். ஊரார் அவனைச் ‘சிவப்புச் சுவீடியன்’ என்பர். கைவேலை செய்பவன், முதலாளிகளை வணங்காதவன். பீயாவை மணந்து, பால்பண்ணை வைத்து, ஓலாவ் என்ற மகனோடு வாழ்கின்றான். அவனுக்கு நல்ல கிணறு இல்லை. அயலவரின் கிணற்று நீரை எடுக்கும்போதெல்லாம், சோஷலிஸ்ட்டுகள் பிறர் பணத்தை மட்டுமன்றித் தண்ணீரையும் பங்கிடுவதிற் சமர்த்தர் என்று அவர்கள் குத்திக்காட்டுகின்றனர். பணம் தருவதாகக் கூறியும் அவர்கள் ஏற்கவில்லை. பணத்தைவிட ஏளனமே அவர்களுக்கு இனித்தது. மானமுள்ள அவன் பள்ளத்திலுள்ள வேறொரு கிணற்றுக்குப் போகின்றான். மனைவியையும் மகனையும் நெருப்புக் காய்ச்சல் பற்றுகின்றது, இருவரும் இறக்கின்றனர். அவர்கள் வீட்டுக்கு ஒருநாளேனும் வந்து பாராத சீமாட்டிகள், பீயா சாகுந் தறுவாயில் அன்பளிப்புகளோடு வருகின்றனர். உங்கள் வரவுக்காக அவள் எத்தனை நாள் காத்திருந்தாள் என்று கூறி மைல்ஸ் அவர்களைத் திருப்பி அனுப்புகின்றான். ஈற்றில் ஊரை விட்டே அவன் போகின்றான். கிணற்றடியில் மனிதன் எவ்வாறு அளக்கப்படுகின்றான் என்பதை அறிந்த எங்கள் வாசகருக்கு இப்பகுதி விளக்கம் வேண்டாதது.

இரண்டாவது, பேர்ண் மல்லின்ஸ் என்னும் இளம் ஆசிரியை. நடனத்தை விரும்பும், வாழ்வை நேசிக்கும் பெண். பக்திமிக்க விதவை ஒருத்தியின் மகன் குடித்துவிட்டு வந்ததற்கு இவளே காரணம் என்று பழி சுமத்தப்படுகின்றது. உண்மையில் அவனைப் பத்திரமாக வீடு சேர்க்க முயன்றவள் அவள். பாடசாலைச் சபையினருக்கு இது தெரியாததன்று. தெரிந்தும், ஊர்வாய்க்கு அஞ்சி அவளது இராஜினாமாவை ஏற்றுக்கொள்கின்றனர். கொடியவர் எவரும் அச்சபையில் இல்லை. ஒவ்வொருவரும் தனித்தனியே நல்லவர். கூடியபோது ஒரு பெண்ணின் தொழிலையும் பெயரையும் அழித்துவிட்டனர். ஆசிரியராயுள்ள வாசகர் இவ்வத்தியாயத்தை நிதானமாகப் படித்தல் நன்று. அந்த மேசையைச் சுற்றி இருந்திருந்தால் நாம் என்ன செய்திருப்போம் என்ற கேள்வியை அது எழுப்புகின்றது.

இத்துணையும் கண்ட லூயிஸ் எங்கே தவறுகின்றார்? விவசாயிகளின் இயக்கம் நாவலில் இடம்பெறாமலில்லை. 1915இல் வட டக்கோட்டாவிற் தொடங்கிய கட்சிசார்பற்ற விவசாயிகள் சங்கத்தின் அமைப்பாளன் ஒருவனை, ஷெரிப்பின் தலைமையில் வர்த்தகர் கூட்டமொன்று விரட்டியடித்த செய்தி வருகின்றது. ஆனால் அது செய்தியாகவே நின்றுவிடுகின்றது. விவசாயி தன் குரலில் விரிவாகப் பேசும் களம் நாவலில் அமையவில்லை. கிணற்றையும், உடைந்த நாற்காலியையும், விரட்டப்பட்ட அமைப்பாளனையும் ஒரே கயிற்றிற் கோத்திருக்க வேண்டிய ஆசிரியர், கரோலின் தனிமைத் துயரையே நடுநாயகமாக்குகின்றார். ஆகவே நோயின் பெயர் ‘சலிப்பு’ என்றாகிவிடுகின்றது. சுரண்டல் எனற்பாலதைச் சலிப்பு என்றமையே இந்நாவலின் அடிப்படைக் குறைபாடு. கரோல் வாஷிங்டனுக்குச் சென்று உத்தியோகம் பார்த்து, மீண்டும் கணவனிடமே திரும்புகின்றாள். தோல்வியை ஒப்புக்கொள்ளவில்லை என்கின்றாள். ஆனால் அவளோடு நிற்பதற்கு எவருமில்லை. தனிமனிதக் கிளர்ச்சியின் எல்லை அது.

இதற்கு மாற்றாக நாவலிலேயே ஒரு வித்து உண்டு. விடா ஷேர்வின் என்னும் ஆசிரியை, கரோலைப்போல் ஊர் முழுவதையும் ஒரே நாளில் மாற்றக் கனவு காணாதவள். ஆண்டுக்கணக்காகச் சலியாது வற்புறுத்தியவள். ஈற்றில், அகன்ற சாளரங்களும், விவசாயம் பயிற்றும் வகுப்பறையும் கொண்ட புதிய பாடசாலைக் கட்டடம் எழுகின்றது. விடா புரட்சிக்காரியல்லள், அவளது குறுகிய நோக்குகளும் பல. எனினும் கனவு மட்டும் கட்டடமாகாது என்பதற்கு அவளே சாட்சி. கரோலின் பார்வையும், விடாவின் பொறுமையும், மைல்சின் மானமும் ஒன்றுசேரும் இடமொன்று அவ்வூரில் இல்லை. அத்தகைய இடத்தை ஆக்குவதே எந்தச் சனசமூக நிலையத்தினதும், எந்த வாசிகசாலையினதும் கடமை.

சோக் சென்றர் இன்று அவ்வீதிக்கு ‘அசல் மெயின் ஸ்றீட்’ என்று பெயர்ப்பலகை மாட்டி, நூலாசிரியர் வளர்ந்த வீட்டைப் பேணிப் பெருமை கொள்கின்றது. கண்டனத்தையும் காட்சிப் பொருளாக்கி விழுங்கும் ஆற்றல் அந்தச் சமுதாயத்துக்கு உண்டு. அழகின்மையைச் சாடிய பக்கங்களை அது எளிதிற் சீரணித்துக்கொண்டது. பெயர்ப்பலகையில் எழுதமுடியாத பக்கங்கள் சிலவும் அந்நூலில் உள. பள்ளத்துக் கிணற்றுக்கு மைல்ஸ் நடந்துபோகும் பக்கம் அவற்றுள் ஒன்று. நாவலை நாம் வாசிக்கத் தொடங்க வேண்டிய இடம் அதுவே.