லினக்ஸ் சுலபமா? கேள்வியையே மாற்றிக் கேட்போம்

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு முடிந்தது. டிபிஎம் 2.0 இல்லாததாலோ பிராசஸர் பழசு என்பதாலோ 11-க்குப் போக முடியாத, ஆனால் இன்னும் நன்றாகவே ஓடுகிற கணினிகள் ஏராளம். "தூக்கிப் போடாதீங்க, லினக்ஸ் போடுங்க" என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் கட்டுரைகளும் காணொளிகளும் வந்துகொண்டே இருக்கின்றன. அந்த அறிவுரையோடு எனக்குச் சண்டை இல்லை. அதற்குச் சொல்லும் காரணத்தோடுதான் சண்டை. "பாருங்க, அப்படியே விண்டோஸ் மாதிரியே இருக்கு. கீழே பட்டை, இடது மூலையில் மெனு. அவ்வளவுதான், ரொம்ப சுலபம்" என்கிறார்கள்.

முகம் ஒரே மாதிரி இருப்பது முதல் பத்து நிமிஷத்துக்கு உதவும். பதினோராவது நிமிஷத்தில் பிரிண்டரைச் செருகுவார்கள், தமிழில் தட்டச்சு செய்யப் பார்ப்பார்கள், ஒரு செயலியை நிறுவுவார்கள். சுலபத்தை அங்கேதான் அளக்க வேண்டும்.

தெரியாமல் நடந்ததல்ல

திறமூல உலகத்துக்கு இது புதுச் செய்தி இல்லை. 2001-இலேயே சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் க்னோம் மேசைத்தளத்தைச் சாதாரண ஆட்களிடம் கொடுத்து, எங்கே தடுமாறுகிறார்கள் என்று சோதித்துப் பார்த்தது. 2002-இல் ஹவாக் பென்னிங்டன் எழுதிய கட்டுரை இன்றும் படிக்கத் தகுந்தது. அவர் வாதம் எளிமையானது: அமைப்புகளில் சேர்க்கிற ஒவ்வொரு தேர்வுக்கும் ஒரு விலை உண்டு. பல நேரங்களில் அந்தத் தேர்வு, நிரலர் எடுக்காமல் விட்ட முடிவைப் பயனர் தலையில் கட்டுவதுதான். அதே ஆண்டில் வந்த க்னோம் 2 இந்த எண்ணத்தில்தான் பல பொத்தான்களைத் தூக்கியது. தூக்கியதற்கு நன்றாக வாங்கியும் கட்டிக்கொண்டது.

2004-இல் எரிக் ரேமண்ட், வீட்டு வலையில் இன்னொரு கணினியில் இருக்கும் பிரிண்டரை கப்ஸ் வழியாகச் சேர்க்கப் பட்ட பாட்டை எழுதினார். அவரே ஒரு நிரலர். அவருக்கே அந்தக் கதி. விஷயம் ஏற்கெனவே தெரிந்த ஒருவர், தன்னைப் போலவே தெரிந்த இன்னொருவருக்காக எழுதிய திரை அது என்பது அவர் குற்றச்சாட்டு. சரியான குற்றச்சாட்டு.

ஆனால் ரேமண்ட் தன் வாதத்துக்குக் கூட்டிவரும் "டில்லி அத்தை" என்ற பாத்திரத்தை என்னால் ஏற்க முடியவில்லை. ஒன்றும் தெரியாத ஒரு அத்தைக்காகத்தான் சுலபம் தேவை என்ற தொனி அதில் இருக்கிறது. ஜெராக்ஸ் கடையில் டிடிபி செய்பவரைப் பாருங்கள். திருமணப் பத்திரிகையை இருபது நிமிஷத்தில் முடித்துக் கையில் கொடுப்பார். அவர் வேலையில் அவர் கெட்டிக்காரர். இயங்குதளத்தைப் பற்றி யோசிக்க அவருக்கு நேரம் இல்லை, அவசியமும் இல்லை. சாதாரணப் பயனர் என்றால் எனக்கு இவர்தான்.

பத்தொன்பது ஆண்டு காத்திருந்த சிறுபடம்

மின்னஞ்சலில் ஒரு புகைப்படத்தை இணைக்க வேண்டும். கோப்பைத் தேர்ந்தெடுக்கும் பெட்டி திறக்கிறது. படங்கள் சின்னச் சின்னக் கட்டங்களாகத் தெரிந்தால் பார்த்து எடுத்துக்கொள்ளலாம். க்னோம் பயன்படுத்தும் ஜிடிகே நூலகத்தில் இந்த வசதி வேண்டும் என்று கோரிக்கை பதிவானது 2004-இல். அது வெளியானது ஜிடிகே 4.10-இல், 2023 மார்ச்சில். நடுவில் வேண்டியவர்கள் கேலி செய்தே ஒரு தலைமுறை ஓடிவிட்டது.

இதை வைத்து அந்த நிரலர்களைத் திட்டுவது சுலபம், நான் அதைச் செய்யப் போவதில்லை. கேடிஇ-யில் இந்த வசதி எப்போதோ வந்துவிட்டது, ஆக இது முடியாத காரியம் இல்லை. ஆனால் ஜிடிகே-யைப் பராமரிப்பவர்கள் சிலரே. எவருக்கும் அந்தப் பெட்டி "என் பொறுப்பு" என்று எழுதிக் கொடுக்கப்படவில்லை. தன்னார்வ வேலையில் ஆளுக்குப் பிடித்தது முதலில் நடக்கும், எல்லோருக்கும் தேவையானது கடைசியில் நடக்கும்.

நம்ம வீட்டுக் கதை

தமிழ் விசைப்பலகையைச் சேர்க்கப் போங்கள். நான் பார்த்த டிஸ்ட்ரோக்களில் வரும் பட்டியல் ஏறக்குறைய இப்படி: தமிழ்நெட் 99, தமிழ் எண்களோடு தமிழ்நெட் 99, டேப் குறியாக்கத்தில் தமிழ்நெட் 99, டிஸ்கி குறியாக்கத்தில் தமிழ்நெட் 99, பிறகு இன்ஸ்கிரிப்ட். டேப், டிஸ்கி இரண்டும் யூனிகோடு பரவுவதற்கு முந்தைய காலத்துக் குறியாக்கங்கள். தமிழ்நாடு அரசே 2010-இல் யூனிகோடுக்கு வந்துவிட்டது. இன்று ஒருவர் தெரியாமல் டேப்பைத் தொட்டால், அதற்கான பழைய எழுத்துரு இல்லாமல் திரையில் தமிழே தெரியாது. "லினக்ஸ்ல தமிழ் வராது போல" என்று மூடிவைத்துவிடுவார்.

ஒலியியல் முறையில், அதாவது 'அம்மா'வை ஆங்கில எழுத்துகளில் அடித்து எழுதுகிறவர்களுக்கு, இந்தப் பட்டியலில் ஒன்றும் கிடையாது. அவர்கள் ஐபஸ், எம்17என் என்று வேறு பாதையில் போக வேண்டும். பல இடங்களில் அதைத் தனியாக நிறுவி, வெளியேறி, மறுபடி உள்ளே வரவும் வேண்டும். இதையெல்லாம் செய்து வைத்தவர்கள் நம் ஆட்கள்தான், சம்பளம் வாங்காமல் செய்தவர்கள், அந்த உழைப்பை மதிக்கிறேன். எல்லா முறைகளும் உள்ளே இருக்கின்றன. எது முன்னால் நிற்க வேண்டும் என்று யாரும் முடிவு செய்யவில்லை, அதுதான் குறை. தமிழ் 99 ஒன்று, ஒலியியல் ஒன்று, மற்றவை "மேலும்" என்ற பொத்தானுக்குள். இந்த முடிவை எடுக்கப் புதிதாக ஒரு வரி நிரல்கூட எழுத வேண்டாம்.

எச்சரிக்கை கொடுத்தோமே!

2021-இல் யூடியூபர் லைனஸ் செபாஸ்டியன், பாப் ஓஎஸ்-இல் ஸ்டீம் செயலியை நிறுவப் போனார். தொகுப்புகளில் இருந்த ஒரு கோளாறால், ஸ்டீமை நிறுவ வேண்டுமானால் மேசைத்தளத்தையே நீக்க வேண்டும் என்று கணினி தீர்மானித்தது. டெர்மினலில் நீண்ட பட்டியல் ஓடியது. கீழே, உறுதியாக வேண்டுமென்றால் ஒரு வாக்கியத்தைத் தட்டச்சு செய்யச் சொன்னது. செய்தார். மேசைத்தளம் போய்விட்டது.

"எச்சரிக்கையைப் படிக்காதது அவர் தப்பு" என்று பலரும் எழுதினார்கள். புரியாத பெயர்கள் திரை நிறைய ஓடிய பிறகு வருவதை எச்சரிக்கை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது பொறுப்பைக் கைகழுவும் ரசீது. நல்லவேளை, நிரலை எழுதியவர்கள் அப்படி நினைக்கவில்லை. பாப் ஓஎஸ் அந்த வழியை அடைத்தது, ஏப்ட் கருவியிலும் சும்மா ஒரு வாக்கியத்தை அடித்து அடிப்படைத் தொகுப்புகளை நீக்கும் வழி எடுக்கப்பட்டது. பயனரைத் திருத்துவதைவிட நிரலைத் திருத்துவது சீக்கிரம் முடிகிற வேலை.

பூட்டும் சாவியும்

2022-இல் வந்த ஸ்டீம் டெக் கருவியில் ஓடுவது ஆர்ச் லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட ஸ்டீம் ஓஎஸ். வாங்கியவர்களில் பெரும்பாலோருக்கு அது லினக்ஸ் என்பதே பொருட்டில்லை. காரணங்கள் மூன்று. இயங்குதளத்தின் மையப் பகுதியைத் தற்செயலாக யாரும் மாற்ற முடியாது. புதுப்பிப்பு இன்னொரு பிரதியில் ஏறும், கெட்டுப்போனால் பழைய பிரதியில் எழுந்துவிடலாம். செயலிகள் பிளாட்பேக்காகத் தனியே வரும். ஃபெடோரா சில்வர்புளூவும் இதே பாதைதான்.

"என் கணினியை எனக்கே பூட்டுவதா?" என்ற ஆட்சேபம் நியாயமானது. ஸ்டீம் டெக்கில் ஒரு கட்டளையில் அந்தப் பூட்டைத் திறக்கலாம். பூட்டி, சாவியையும் கையில் கொடுப்பதில் சுதந்திரம் ஒன்றும் குறைந்துவிடாது.

இன்னொரு உண்மையும் இருக்கிறது: அங்கே ஒரு நிறுவனம் காசு போட்டுப் பொறுப்பு ஏற்றிருக்கிறது. அந்தப் பொறுப்பை நிறுவனம்தான் ஏற்க வேண்டும் என்பதில்லை. கேரளத்தில் ஐடி@ஸ்கூல் திட்டம் பள்ளிகளுக்கென்றே லினக்ஸைத் தயாரித்தது, ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தது, பாடப் புத்தகத்தையும் அதை வைத்தே எழுதியது. தமிழ்நாட்டிலோ, இலவச மடிக்கணினிகளில் விண்டோஸுக்குப் பக்கத்தில் பாஸ் லினக்ஸையும் போட்டுக் கொடுத்தோம். நான் பார்த்த மடிக்கணினிகளில் அது தொடப்படாமலே கிடந்தது. மென்பொருள் மட்டமா? இல்லை. மாட்டிக்கொண்டால் யாரைக் கேட்பது என்று அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லப்படவில்லை.

ஆகவே யாருக்காவது லினக்ஸைப் பரிந்துரைக்கும் முன் மூன்றே கேள்விகள் போதும். முதல் நாளில் அது அவரிடம் எத்தனை கேள்வி கேட்கும்? புதுப்பிப்பு சொதப்பினால் நேற்றைய நிலைக்கு அவரே திரும்ப முடியுமா? முடியாவிட்டால் அவர் யாருக்குப் போன் போடுவார்? மூன்றாவதுக்குப் பதில் "எனக்கு" என்றால், தாராளமாக நிறுவிக் கொடுங்கள். போன் வரும்போது எடுங்கள்.