கோபுரமும் நரகமும்: இராமானுசர் கதை ஏட்டிலும் மேடையிலும் திரையிலும்

சான்றோர் வரலாறு வாய்மொழியாய் வழங்குங்கால் வளர்தலும் திரிதலும் இயல்பேயாகும். அவ்வளர்ச்சியைப் பிழையென்று ஒதுக்குதலும், வரலாறென்று அவ்வாறே கொள்ளுதலும் ஆராய்ச்சிக்கு ஒவ்வா. எது வளர்ந்தது, எது தேய்ந்தது என்று காண்டலே ஆராய்வார் கடன். இந்நோக்குடன் இராமானுசர் வரலாற்றில் வரும் திருக்கோட்டியூர் நிகழ்ச்சியை ஈண்டு எடுத்துக்கொள்கிறோம்.

இராமானுசர் 1017ஆம் ஆண்டில் திருப்பெரும்பூதூரில் தோன்றினார் என்பது மரபு. அவ்வூர் இன்று ஒரகடத்தோடு இணைந்த பெருந்தொழில் வட்டாரமாக விளங்குகிறது. ஊர்திகளும் மின்னணுக் கருவிகளும் ஆக்கும் ஆலைகளை நாடிப் பல மாநிலத்து மக்களும் இங்கு வந்து வாழ்கின்றனர். குருபரம்பரை நூல்களை ஓதினார் எங்கும் சிலரே. கோபுரக் கதையைக் கேட்டாரோ பலர். ஆதலின் மேடையும் திரையும் அக்கதையை எவ்வாறு ஏந்தி நிற்கின்றன என்னும் வினா புலவர்க்கு மட்டும் உரியதன்று.

1. கதையின் உயிர்நிலை

மறைபொருளை வேண்டி இராமானுசர் திருவரங்கத்தினின்று பதினெட்டு முறை திருக்கோட்டியூர்க்கு நடந்தார். பிறர்க்கு உரைத்தலாகாது என்னும் ஆணையுடன் திருக்கோட்டியூர் நம்பி அதனை அருளினார். இராமானுசர் ஆணையை மீறிப் பலர்க்கும் உரைத்தார். ஆசிரியன் சொல்லைக் கடந்தார்க்கு என்ன பயன் என்று நம்பி வினவ, நரகமே பயன் என்றார். அறிந்தும் செய்தது ஏன் என்றதற்கு, யான் ஒருவன் நரகம் புக இத்துணைப் பேர் உய்வரேல் அஃது அமையும் என்றார். நம்பி அவரைத் தழுவி, 'எம்பெருமானார்' என்று பெயர் சூட்டினார்.

இக்கதை இரண்டு கால்களில் நிற்கிறது. ஒன்று கொடை, மற்றொன்று அக்கொடைக்கு ஈந்த விலை. பெறுவார் பலராதல் கொடையின் பெருமை. நரகம் மெய்யென நம்பியே அதற்கு உடன்படுதல் விலையின் பெருமை. இவ்விரண்டில் ஒன்று குறையினும் கதை சாயும்.

2. ஏட்டு வழக்கு

பின்பழகிய பெருமாள் சீயர் இயற்றிய ஆறாயிரப்படி குருபரம்பரையில், இராமானுசர் கோயிலில் வைணவர் பலர்க்குப் பொருளுரைத்தார் என்ற அளவே காணப்படுகிறது. அவர் கோபுரம் ஏறியதாகக் கூறப்படவில்லை. 1370 முதல் 1443 வரை வாழ்ந்த மணவாள மாமுனிகள் தம் உபதேசரத்தின மாலையில் மற்றொன்று உரைக்கிறார். முன்னையோர் ஒருவர்க்கு ஒருவராக மறைபொருளைக் கற்பித்து வந்தனர். இராமானுசரோ அவ்வரம்பை அறுத்து, விரும்பினார் அனைவர்க்கும் கூறுமாறு ஆசிரியர்களை ஏவினார் என்பது அவர் கருத்து. ஈண்டுத் தகுதியாவது பிறப்பன்று, விருப்பமே. இதனைக் கூர்ந்து நோக்கல் வேண்டும்.

வரம்பு அறுத்தல் என்பது கருத்து. கருத்தைக் கண்ணாற் காண விழைவது பொதுமக்கள் உள்ளம். கோயிலினுள் கூடியிருந்தார்க்கு உரைத்தது, கோபுரத்தின் மேல்நின்று ஊரார்க்கெல்லாம் உரைத்ததாக வளர்ந்தமைக்கு இதுவே காரணமாதல் வேண்டும். நாடக மன்றமும் படக்கருவியும் வருமுன்னரே மக்கள் இக்கதைக்கு ஒரு மேடை அமைத்துக்கொண்டனர், அம்மேடையே கோபுரம். ஆதலின் அதனைப் பொய்யென்று இகழ்தல் பொருந்தாது.

3. திரையும் மேடையும்

1938இல் ஏ. நாராயணன் இயக்கிய 'ஸ்ரீ ராமானுஜர்' திரைப்படம் வெளிவந்தது. கதையுரையாடல் எழுதியவர் மணிக்கொடி வ.ரா. இராமானுசராக நடித்தவர் 'சங்கு' சுப்பிரமணியம், ந. பிச்சமூர்த்தியும் இதில் நடித்தார். திருவிதாங்கூர் ஆலய நுழைவுப் பிரகடனம் 1936இல் வந்தது. மதுரை மீனாட்சியம்மன் கோயில் நுழைவு 1939இல் நிகழ்ந்தது. இடையே எழுந்த இப்படத்திற்குச் சாதி வேற்றுமையைச் சாடிய வ.ரா. எழுத முன்வந்தமை தற்செயலாகத் தோன்றவில்லை.

பின்னர் ஜி. வி. ஐயர், சங்கரர், மத்துவர் ஆகியோரைப் பற்றிய படங்களைத் தொடர்ந்து, 1989இல் இராமானுசரைத் தமிழ்ப்படமாக்கினார். மேடைக்கென இந்திரா பார்த்தசாரதி எழுதிய 'இராமாநுஜர்' நாடகம் 1999ஆம் ஆண்டின் சரசுவதி சம்மான் விருதைப் பெற்றது. அந்நாடகம் இராமானுசரைச் சமுதாய நோக்குடைய சீர்திருத்தச் சான்றோராகக் காண்கிறது. 2015இல் மு. கருணாநிதி எழுதிய தொலைக்காட்சித் தொடர் 'மதத்தில் புரட்சி செய்த மகான்' என்று இராமானுசரைப் போற்றியது. இறைமறுப்புக் கொள்கையர் ஒருவர் தம் முதுமையில் வைணவ ஆசிரியர் ஒருவரின் வரலாற்றை விரும்பி எழுதினார் எனின், கொடை என்னும் கருத்துக்கு உள்ள ஈர்ப்பு விளங்கும்.

எனினும் சீர்திருத்த நோக்கு முதிருமிடத்து ஓர் இடர் உண்டு. நரகம் வெறும் மூடநம்பிக்கை எனக் காண்போர் கருதுவாராயின், இராமானுசர் இழந்தது ஒன்றுமில்லை என்றாகும். நம்பியும் பொருளைப் பூட்டி வைத்த தன்னலக்காரராகச் சிறுத்துப்போவார். அவர் தழுவிக்கொண்டதற்குப் பொருளே இராது. மறுதலையாக, கேட்டோர் அனைவரும் முன்பே தகுதி பெற்ற வைணவரே என்று மட்டும் வற்புறுத்துவோர் விலையைக் காத்துக் கொடையைச் சுருக்குகின்றனர். கோபுரத்தைப் படம்பிடித்தல் எளிது. நரகத்தைப் படம்பிடித்தல் இயலாது. அதனை நம்பியின் மௌனத்திலும் மாணவரின் குரலிலும் மட்டுமே காட்டல் கூடும்.

இதற்கு வழி நம் நாட்டுக் கூத்திலேயே உள்ளது. காஞ்சிபுரம் வட்டாரம் உள்ளிட்ட வடதமிழகத்துப் பாரத விழாக்களில் 'அருச்சுனன் தபசு' நிகழுங்கால், நடிகர் உயர்ந்த தபசு மரத்தில் பாடிக்கொண்டே ஏறுவார். உச்சியினின்று எலுமிச்சம்பழமும் பூவும் எறிவார். பிள்ளைப்பேறு வேண்டும் மகளிர் கீழே காத்திருப்பர். ஈண்டும் உயரத்தில் ஒருவர், தாழப் பலர், மேலிருந்து வரும் கொடை என்னும் அமைப்பே காண்கிறோம். ஆயின் ஏறுதலின் அருமையையும் அச்சத்தையும் கூட்டம் ஒவ்வோர் அடியிலும் உடனிருந்து உணர்கிறது. கொடையை ஏற்குமுன் விலையைக் காண்கிறது. திருக்கோட்டியூர்க் காட்சியை அமைப்போர் கைக்கொள்ளத் தக்க முறை இதுவே.

4. முடிவு

இராமானுசர்க்குத் திருமேனி மூன்று என்பர் வைணவர்: மேல்கோட்டையில் தமருகந்த திருமேனி, திருப்பெரும்பூதூரில் தானுகந்த திருமேனி, திருவரங்கத்தில் தானான திருமேனி. அன்பர் விரும்பிய வடிவையும் அவர் தாமே விரும்பிய வடிவையும் மரபு வேறுபடுத்திப் போற்றியது. ஒன்றற்காக மற்றொன்றை விலக்கவில்லை. திரையும் மேடையும் தந்த இராமானுசர் அவ்வக்காலத்துத் தமர் உகந்த வடிவினர். அவ்வடிவுக்கும் வழிபாட்டில் இடமுண்டு. ஆயின் அவர் தாம் உகந்தது பிறர் உய்யத் தாம் நரகம் புகுதலை என்பதைக் கதை கூறுகிறது. இனி இக்கதையை எழுதுவோரும் நடிப்போரும் கோபுரத்தை எத்துணை உயர்த்தினும், நரகத்தின் ஆழத்தைக் குறைத்தலாகாது என்பதே எம் துணிபு.