16 பிக்சலில் ஒரு முகம், ஒரு வரியில் வருகைக் கணக்கு

சொந்தமாக இணையதளம் நடத்துகிறவர்கள் கடைசிக்குத் தள்ளிப்போடும் வேலைகள் இரண்டு. ஒன்று, பிரவுசர் டேபின் ஓரத்தில் தெரியும் ஐகானை வரைவது. மற்றொன்று, எத்தனை பேர் வந்து போகிறார்கள் என்று பார்க்க ஏற்பாடு செய்வது. ஐகானுக்கு இங்க்ஸ்கேப், கணக்குக்குக் கோட்கவுண்டர் என்று இரண்டு திறமூல மென்பொருள்களை என் தளத்தில் சில மாதங்களாகப் புழங்கிவருகிறேன். கட்டுரைகளும் நூல் அறிமுகங்களுமாக இருக்கும் சின்னத் தளம் அது. அப்படிப்பட்ட தளத்துக்கு இவை எவ்வளவு தூரம் கைகொடுக்கின்றன என்பதைச் சொல்கிறேன்.

ஐகானும் கணக்கும் சம்பந்தமில்லாத வேலைகள்போலத் தோன்றும். உண்மையில் இரண்டும் ஆரம்பத்திலிருந்தே ஒட்டிக்கொண்டு வந்தவை. 1999 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5-இல்தான் ஃபேவிகான் எனப்படும் இந்த ஐகான் முதலில் வந்தது. வாசகர் ஒரு பக்கத்தைப் புக்மார்க் செய்யும்போது மட்டும் பிரவுசர் அந்த ஐகான் கோப்பைச் சர்வரிடம் கேட்கும். ஆகவே அந்தக் கோப்பு எத்தனை முறை கேட்கப்பட்டது என்று சர்வர் பதிவேட்டில் எண்ணினால், எத்தனை பேர் தளத்தைச் சேமித்து வைத்திருக்கிறார்கள் என்பது உத்தேசமாகத் தெரிந்துவிடும். பிற்பாடு எல்லாப் பிரவுசர்களும் பக்கம் திறந்த உடனேயே ஐகானைக் கேட்க ஆரம்பித்ததும் அந்தக் கணக்கு பயனற்றுப் போனது. 2021-இல் சிகாகோ இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதன் இருண்ட பக்கத்தைக் காட்டினார்கள். பிரவுசர் தனியாகச் சேமித்து வைக்கும் ஃபேவிகான்களைக் கொண்டே, குக்கிகளை அழித்துவிட்ட ஒருவரையும் மறுபடி அடையாளம் காண முடியும் என்பது அவர்களுடைய கண்டுபிடிப்பு. தளத்தில் வைக்கும் எந்தச் சின்னப் பொருளும் வருகிறவரை நாம் எப்படி நடத்துகிறோம் என்ற கேள்வியோடுதான் வருகிறது. அந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டுதான் இந்த இரண்டையும் சோதித்தேன்.

முதலில் இங்க்ஸ்கேப். 2003-இல் சோடிபோடி என்ற மென்பொருளிலிருந்து பிரிந்து வந்தது. 1.0 பதிப்பை எட்ட 2020 மே வரை ஆயிற்று. இது கோடுகளையும் வளைவுகளையும் கணக்காகச் சேமிக்கும் வெக்டர் வரைகலைக் கருவி. அதனால் ஒரே படத்தை 16 பிக்சலிலும் 512 பிக்சலிலும் எடுத்துக்கொள்ளலாம். எடுத்துக்கொள்ளலாம் என்பதாலேயே அது 16-இல் நன்றாக இருந்துவிடாது. ஐகான் வேலையின் சிரமம் முழுவதும் இங்கேதான் இருக்கிறது.

திறந்ததும் முதலில் ஆவண அமைப்புக்குப் போய் மில்லிமீட்டரைப் பிக்சலாக மாற்றுங்கள். பக்க அளவு 16-க்கு 16, கட்டத்தின் இடைவெளி 1 பிக்சல். இப்போது திரையில் 256 கட்டங்கள் நிற்கும். புள்ளிக் கோலம் போடத் தெரிந்தவர்களுக்கு இந்த இடம் உடனே பிடிபட்டுவிடும். எத்தனை புள்ளி என்பது முதலிலேயே முடிவாகிவிடுகிறது. அதற்குள் எது நிற்கும், எது நிற்காது என்று பார்ப்பதுதான் வேலை. ஆப்பிள் நிறுவனத்தின் 1984 மெக்கின்டாஷுக்கு ஐகான்களை வரைந்த சூசன் கேர், 32-க்கு 32 கட்டத்தில், வரைபடத் தாளில் பென்சிலால் கட்டம் கட்டமாக நிரப்பித்தான் வேலையைத் தொடங்கினார். கறுப்பு அல்லது வெள்ளை, நடுவில் சாம்பல் கிடையாது. அவருடைய ஓவியக் குறிப்பேடுகள் இன்று நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கின்றன. ஐகான் வரைய உட்காருகிற எவரும் நேரம் ஒதுக்கிப் பார்க்க வேண்டிய வேலை அது.

தமிழ்த் தளத்துக்குத் தமிழ் எழுத்தையே ஐகானாக வைக்க வேண்டும் என்பது என் ஆசை. எழுத்துருவைப் பொறுத்தவரை இன்று பஞ்சமில்லை. பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த கேட்டமரன், எக் டைப் குழுவின் முக்த மலர், பலூ தம்பி, கூகுளின் நோட்டோ தமிழ் எல்லாமே இலவச உரிமத்தில் கிடைக்கின்றன. கேட்டமரனில் மெலிந்ததிலிருந்து மிகத் தடித்தது வரை ஒன்பது பருமன்கள் உண்டு. இங்க்ஸ்கேப்பில் தமிழைத் தட்டச்சு செய்தால் கொம்பும் காலும் இடம் மாறாமல் ஒழுங்காக வருகின்றன. பிறகு அந்த எழுத்தைப் பாதையாக மாற்றிவிட்டால், அது எழுத்துரு இல்லாத கணினியிலும் அதே உருவில் தெரியும்.

எழுத்துருவில் இருப்பதை அப்படியே சுருக்கினால் சாம்பல் திட்டுதான் மிஞ்சும். கணக்கைப் பாருங்கள். ஒரு சுழி கண்ணுக்குச் சுழியாகத் தெரிய வேண்டுமென்றால் கோடு 2 பிக்சல், உள்வெளி 2 பிக்சல், மறுபக்கக் கோடு 2 பிக்சல் வேண்டும். ஒரு சுழிக்கே 6 போய்விடுகிறது. இரண்டு தனிச் சுழிகள் வந்தால் 12. மீதி 4 பிக்சலில் எழுத்தின் உடலுக்கு எங்கே இடம்? ண, ஞ, ஐ எல்லாம் இங்கே தோற்றுப்போவது இதனால்தான். புள்ளி வைத்த மெய்யெழுத்தும் வேண்டாம்; புள்ளிக்கும் அதன் கீழ் இடைவெளிக்கும் விட்டதுபோக எழுத்து குள்ளமாகிவிடும். ப, ட இரண்டும் நேர்க்கோட்டு எழுத்துகள், இந்தக் கட்டத்துக்கென்றே செய்தவைபோல உட்காருகின்றன. நான் எடுத்துக்கொண்டது ப. ஓரங்களில் 2 பிக்சல் விட்டு, 3 பிக்சல் தடிமனில் இரண்டு நிமிர்ந்த கோடுகள், நடுவில் 6 பிக்சல் வெளி, அடியில் ஒரு படுத்த கோடு. மூலைகளைக் கூர்மையாகவே விட வேண்டும். கொஞ்சம் உருட்டினாலும் ஆங்கில யு ஆகிவிடும்.

இங்க்ஸ்கேப்பில் இன்னொரு விஷயத்தைக் கவனியுங்கள். கோட்டைக் கட்டத்தின் கோட்டின்மேல் வைத்து வரைந்தால் அதன் தடிமன் இரண்டு பக்கமும் பாதிப்பாதியாக விழும். 1 அல்லது 3 பிக்சல் தடிமன் என்றால் இரு ஓரமும் அரைப் பிக்சலில் நின்று மங்கிப்போகும். அதனால் கோடாக வரையாமல், நிறம் நிரப்பிய செவ்வகங்களாக அடுக்குவது நல்லது. பார்வைப் பட்டியலில் ஐகான் முன்னோட்டம் என்று ஒரு பலகை இருக்கிறது. 16, 24, 32, 48, 128 பிக்சல்களில் உங்கள் படம் எப்படித் தெரியும் என்று பக்கத்திலேயே காட்டிக்கொண்டிருக்கும். இந்தப் பலகைக்காகவே நான் இங்க்ஸ்கேப்பைப் பரிந்துரைப்பேன். பெரிதாக்கிப் பார்க்கையில் அழகாக இருப்பது 16-இல் என்ன ஆகிறது என்று கை ஓடும்போதே தெரிகிறது.

குறைகளும் உண்டு. பழைய ஐசிஓ வடிவத்தில் இங்க்ஸ்கேப் நேரடியாகச் சேமித்துத் தராது. 16, 32, 48 அளவுகளில் பிஎன்ஜி எடுத்து, கிம்ப் வழியாகவோ இமேஜ்மேஜிக் வழியாகவோ ஒரே ஐசிஓ கோப்புக்குள் கட்ட வேண்டும். பழைய கணினியில் திறப்பதற்குள் பொறுமை போய்விடும். இரவுப் பயன்முறைக்கு ஏற்ப நிறம் மாறும் எஸ்விஜி ஐகான் வேண்டுமென்றால், கோப்பை உரைத் தொகுப்பானில் திறந்து அதற்கான இரண்டு மூன்று வரிகளைக் கையால் எழுதித்தான் ஆக வேண்டும். எழுதிவிட்டால் குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் அதை மதிக்கின்றன. கறுப்புப் பட்டையில் கறுப்பு எழுத்து காணாமல் போகும் தொல்லை தீர்ந்தது.

இதற்குமேல் ஐபோன் முகப்புத் திரைக்கு 180 பிக்சலும், ஆண்ட்ராய்டுக்கு 192, 512 பிக்சல்களும் வேண்டும். ஐபோனுக்கான படத்தில் பின்னணியை ஒளிபுகும்படி விடாதீர்கள், அந்த இடம் கறுப்பாகிவிடும். ஆண்ட்ராய்டு ஐகானை வட்டமாகவும் சதுரமாகவும் வெட்டிக்கொள்ளும் என்பதால், முக்கியமான உருவம் நடுவில் 80 சதவீத வட்டத்துக்குள் அடங்க வேண்டும்.

இத்தனை அளவுகளில் எதற்கு உழைப்பை அதிகம் கொடுப்பது? இங்கேதான் கோட்கவுண்டர் வருகிறது. 2019-இல் தொடங்கிய இதைப் பெரும்பாலும் ஒரே நிரலாளர் எழுதிப் பராமரிக்கிறார். தனிநபர் தளங்களுக்கு இலவசம், நன்கொடையில் நடக்கிறது. பதிவு செய்துகொண்டு, தரப்படும் ஒரு வரி ஸ்கிரிப்டைப் பக்கங்களின் அடியில் ஒட்டினால் வேலை முடிந்தது. ஸ்கிரிப்டின் எடை சில கிலோபைட்தான். குக்கி வைப்பதில்லை. ஒரே ஆள் சில மணி நேரத்துக்குள் மறுபடி வந்தால் ஒரே வருகையாக எண்ணுவதற்கு, ஐபி முகவரியையும் பிரவுசர் விவரத்தையும் கலந்து ஒரு தற்காலிகக் குறியீடு செய்துகொள்கிறது. பிறகு அதை வீசிவிடுகிறது. நேற்று வந்தவரும் இன்று வந்தவரும் ஒருவரா என்று அதற்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. தனிநபர் தளத்துக்கு அது தெரியத் தேவையில்லை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஒரே பக்கத்தில் எல்லாம் தெரிகிறது: எந்தக் கட்டுரை எத்தனை முறை திறக்கப்பட்டது, எங்கிருந்து வந்தார்கள், எந்த நாடு, எந்த பிரவுசர், திரை எவ்வளவு பெரியது. பக்க முகவரியோடு தலைப்பையும் சேர்த்துக் காட்டுவது தமிழ்த் தளங்களுக்குப் பெரிய உதவி. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட். முகவரியில் சதவீதக் குறியோடு மாற்றி எழுதினால் 9 எழுத்தாகிவிடும். ‘தமிழ்’ என்ற ஒரு சொல்லே 45 எழுத்து நீளும். சர்வர் பதிவேட்டில் அதைப் படித்து எந்தக் கட்டுரை என்று கண்டுபிடிப்பது வீண் வேலை.

என் தளத்தில் திரை அளவுப் பட்டியலைப் பார்த்தபோது பெரும்பான்மை கைபேசிகள். கைபேசிக் குரோமில் பக்கம் படிக்கும்போது டேப் ஐகான் கண்ணிலேயே படாது. அவர்கள் பார்ப்பது கூகுள் தேடல் முடிவில் தெரியும் ஐகானையும், முகப்புத் திரையில் வைத்தால் தெரியும் ஐகானையும்தான். தேடல் முடிவுக்கு 48 பிக்சலுக்கு மேல் இருக்கட்டும் என்கிறது கூகுளின் வழிகாட்டி. அதனால் 48-க்கும் 180-க்கும் தனித்தனியாக வரைந்தேன். இடம் தாராளமாக இருப்பதால் அங்கே ப-வின் கோட்டு முனைகளுக்கு எழுத்துருவின் நயத்தைத் திருப்பிக் கொடுக்க முடிந்தது. கணக்கு பார்ப்பதன் பயன் இந்த மாதிரி முடிவுகளில்தான் இருக்கிறது. தினம் காலையில் எண் கூடியதா குறைந்ததா என்று பார்ப்பது எழுதுகிறவரைச் சோர்வாக்கும். மாதம் ஒருமுறை போதும்.

எண்களை நம்புவதற்கும் அளவு உண்டு. விளம்பரத் தடுப்பான்கள் இந்த ஸ்கிரிப்டையும் சேர்த்துத் தடுப்பது வழக்கம், அதனால் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். சர்வர் பதிவேட்டைப் படிக்கும் கோஅக்செஸ் போன்ற கருவிகள் எதிர்ப்பக்கம் தவறும். தேடுபொறிகளும், செயற்கை நுண்ணறிவு நிறுவனங்கள் அனுப்பும் தானியங்கிகளும் சேர்ந்து எண்ணிக்கையை ஊதிவிடும். கிட்ஹப் பேஜஸில் தளம் வைத்திருப்பவர்களுக்கோ அந்தப் பதிவேடே கிடைக்காது. வாட்ஸ்அப் வழியாக வருகிறவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதும் பெரும்பாலும் தெரியாது. தமிழ்த் தளங்களுக்கு வாசகர் வரும் முக்கியமான வழியே அதுதான். பகிரும் முகவரியின் வாலில் ஒரு குறிச்சொல்லை ஒட்டி அனுப்பினால் கோட்கவுண்டர் அதைத் தனியாகப் பிரித்துக் காட்டும். நம் சொந்த வருகைகளை எண்ணாமல் விடச் செய்யவும் எளிய வழி தந்திருக்கிறார்கள். அதை முதல் நாளே செய்துவிடுங்கள், சிறிய தளத்தில் நாமே நமக்குப் பெரிய வாசகராகத் தெரிவோம்.

கூகுள் அனலிடிக்ஸ் இலவசம்தானே என்று கேட்பார்கள். 2005-இல் அர்ச்சின் நிறுவனத்தை வாங்கி கூகுள் தொடங்கிய சேவை அது. விளம்பரம் கொடுத்துப் பொருள் விற்கிறவர்களுக்குத் தேவையான கேள்விகளுக்கு அது பதில் சொல்கிறது. கட்டுரை எழுதுகிறவருக்கு அந்தத் திரைகளில் முக்கால்வாசி தேவைப்படாது. 2023 ஜூலை 1-ஆம் தேதியோடு பழைய யுனிவர்சல் அனலிடிக்ஸ் புதிய தரவைப் பெறுவதை நிறுத்தியது. இப்போதைய இலவசப் பதிப்பில் பயனர் அளவிலான தரவு முதல் அமைப்பில் 2 மாதம், நாமே மாற்றினால் 14 மாதம் வரைதான் நிற்கும். சொந்த சர்வர் இருந்தால் மட்டோமோ என்ற கணக்குக் கருவியும் நல்ல தேர்வுதான். ஆனால் அதைப் பராமரிப்பதே தனி வேலை.

கோட்கவுண்டரின் பலவீனம் அதன் பலத்திலேயே இருக்கிறது. ஓரிருவர் கையில் நிற்கும் திட்டம். நிரலை எடுத்து நம் சர்வரிலேயே ஓட்டிக்கொள்ளலாம் என்பது ஆறுதல். எல்லோராலும் முடிகிற காரியம் இல்லை. எல்லாக் கணக்கையும் சிஎஸ்வி கோப்பாக எடுத்துவைக்க வசதி இருக்கிறது.

என் தீர்ப்பு இது. எழுத்து, படம், ஆய்வு என்று சொந்தத் தளம் நடத்துகிறவர்களுக்கு இந்த ஜோடி போதும், தாராளமாகவே போதும். ஐகானை ஆயத்தப் படக் கிடங்கிலிருந்து எடுக்காமல் நீங்களே வரையுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அதற்குப் போதுமானது. கடை நடத்துகிறவர்களும் விளம்பரத்தின் பலனைத் துல்லியமாக அளக்க வேண்டியவர்களும் வேறு கருவியைத் தேடுங்கள். கோட்கவுண்டரை எடுத்துக்கொள்கிறவர்கள் மாதம் ஒருமுறை கணக்கை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு ஒருமுறையாவது, முடிந்த நன்கொடையை அனுப்பிவையுங்கள்.