முழுச்சுற்றுப் படம்: எடுத்தாயிற்று, பார்ப்பது எப்படி?

கைப்பேசியில் சிறு கருவி ஒன்றைப் பொருத்திவிட்டால், சுற்றுப்புறம் முழுவதையும் ஒரே சொடுக்கில் படம் பிடித்துவிடலாம் என்று விளம்பரங்கள் கூறுகின்றன. இது பொய்யன்று, ஆனால் பாதிச் செய்திதான். எடுத்த படத்தை எதில் பார்ப்பது, எவ்வளவு தெளிவாகப் பார்ப்பது, எத்தனை ஆண்டுகளுக்குப் பார்ப்பது என்பவற்றை அவை சொல்வதில்லை. இக்கருவிகளை அந்த இடத்தில்தான் எடைபோட வேண்டும் என்பது நம் கருத்து.

இராபர்ட் பார்க்கர் என்ற ஓவியர் இதை நன்கு உணர்ந்திருந்தார். அயர்லாந்தில் பிறந்து எடின்பரோவில் வாழ்ந்த அவர், முழுச்சுற்று ஓவியத்துக்கு 1787-இல் காப்புரிமை பெற்றார். 1793-இல் லண்டன் லெஸ்டர் சதுக்கத்தில் அதற்கென்றே ஒரு வட்டக் கட்டடம் திறந்தார். மக்கள் இருண்ட வழியாக உள்ளே சென்று, நடுமேடையில் ஏறி நின்று, சுற்றுச்சுவரில் இருந்த காட்சியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தனர். வெளிச்சம் மேலிருந்து விழுந்தது. எங்கே நிற்பது, எவ்வளவு தொலைவிலிருந்து பார்ப்பது என்பதையெல்லாம் கட்டடமே தீர்மானித்தது. ஓவியமும் கட்டடமும் சேர்ந்ததுதான் பனோரமா. இன்று கருவி விற்பவர்கள் ஓவியத்தைத் தருகிறார்கள், கட்டடத்தை மறந்துவிடுகிறார்கள்.

கருவிகளைப் பார்ப்போம். 2011-இல் ஐபோன் 4-க்காக வந்த ‘டாட்’ என்ற கருவி ஒரு வளைந்த ஆடியைப் பயன்படுத்தியது. கைப்பேசியைப் படுக்க வைத்தால், மேல்நோக்கியிருக்கும் காமிரா அந்த ஆடியைப் பார்க்கும். ஆடியோ நாற்புறத்தையும் பார்க்கும். பதிவாகும் பிம்பம் நம் உளுந்து வடையைப் போல நடுவில் துளையுள்ள வட்டம். மென்பொருள் அந்த வடையை ஓரிடத்தில் வெட்டி நீட்டிப் பட்டையாக்கித் தருகிறது.

இங்கே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். அக்கைப்பேசியின் வீடியோ 1280 x 720 படப்புள்ளிகள் கொண்டது. எனவே வடையின் விட்டம் 720 புள்ளிகளுக்கு மேல் போக முடியாது. வெளிச் சுற்றளவு சுமார் 2260 புள்ளிகள். உள்துளையின் விட்டம் அதில் மூன்றில் ஒரு பங்கு என்று கொண்டால், உள்சுற்றளவு 750 புள்ளிகள்தாம். சராசரி 1500. இதை 360 பாகைக்குப் பங்கிட்டால் பாகைக்கு நான்கு புள்ளிகளே கிடைக்கும்! அதே காமிரா கருவியின்றி மிகக் குறைந்த அகலத்தை 1280 புள்ளிகளால் நிரப்புகிறது. பாகைக்கு இதைவிடப் பல மடங்கு புள்ளிகள். நல்ல பார்வையுள்ள கண் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கைப் பிரித்தறியும். அறையின் மறுபக்கத்தில் இருப்பவர் தாத்தாவா, சித்தப்பாவா என்பதே தெரியாத படத்தை ‘எல்லாம் அடங்கிய படம்’ என்று சொல்லி என்ன பயன்? ஆனாலும் இந்த அமைப்பில் ஒரு நேர்மை உண்டு. லென்ஸ் ஒன்றே ஆனதால் ஒட்டுப்போடும் வேலை இல்லை.

அடுத்து வந்தவை இரட்டை மீன்கண் லென்ஸ் கருவிகள். 2016-இல் வெளிவந்த ‘இன்ஸ்டா360 நானோ’ இவ்வகை. முதுகோடு முதுகாக உள்ள இரு லென்சுகளும் ஆளுக்குப் பாதி உலகத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் பார்க்கின்றன. இரண்டும் இணைந்து 3040 x 1520 புள்ளிகள் கொண்ட படமாகின்றன. பாகைக்கு எட்டுப் புள்ளிகளுக்குச் சற்று மேல். முன்னேற்றந்தான். ஆனால் புதிதாக ஒரு சிக்கல் சேர்கிறது.

ஒரு விரலை முகத்துக்கு முன் நீட்டி, கண்களை மாற்றி மாற்றி மூடிப் பாருங்கள். விரல் இடம் மாறுவதுபோல் தோன்றும். பாடநூல்கள் இதை இடமாறு தோற்றம் என்கின்றன. இரு லென்சுகளுக்கும் இடையே 2 செ.மீ. இருப்பதாகக் கொள்வோம். ஒட்டு விழும் திசையில் 1 மீட்டர் தொலைவில் உள்ள முகம் இரண்டிலும் ஒரு பாகைக்குச் சற்று அதிகமாக விலகித் தெரியும். ஏறத்தாழ 10 புள்ளிகள். ஒரு கன்னம் காணாமற்போகவோ காது இரண்டாகவோ இது போதும். மரம் 20 மீட்டருக்கு அப்பால் நின்றால் விலகல் அரைப் புள்ளிதான், கண்ணுக்குத் தெரியாது. ஆகவே மலையுச்சியில் சிறக்கும் கருவி, திருமணக் கூடத்தில் சொதப்புகிறது. நாம் அதை வாங்குவதோ பெரும்பாலும் திருமணக் கூடத்துக்கு!

இனி, பார்க்கும் வேலை. ஆரஞ்சுத் தோலைக் கிழிக்காமல் மேசைமேல் தட்டையாக்க முடியாதல்லவா? கோளப் பரப்பைச் சிதைவின்றித் தளமாக்க முடியாது என்பது, காஸ் என்ற ஜெர்மானியக் கணித மேதை 1827-இல் வெளியிட்ட தேற்றத்திலிருந்து கிடைக்கும் முடிவு. முழுச்சுற்றுப் படத்தை அப்படியே அச்சிட்டால் தலைக்கு மேலிருந்த மின்விசிறி, படத்தின் மேல் விளிம்பு முழுவதும் நீண்டு கிடக்கும். எனவே இப்படத்தை ஒரு சன்னல் வழியாக, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பார்க்க வேண்டும். கைப்பேசியில் உள்ள ஜைரோஸ்கோப் என்னும் சுழற்சி உணரி இதற்கு அருமையாக உதவுகிறது. நாம் திரும்பினால் சன்னலும் திரும்புகிறது. பார்க்கரின் மேடைக்கு இதைவிட நல்ல வாரிசு இல்லை. ஆனால் 90 பாகை அகலச் சன்னலில், 3040-இல் கால் பங்கான 760 புள்ளிகள்தாம் கண்ணுக்குக் கிட்டும். 2014-இல் கூகுள் வெளியிட்ட அட்டைப்பெட்டிக் கண்ணாடி இதையும் லென்சால் பெரிதாக்கிக் காட்டியது. அந்தப் பெட்டிகளின் விற்பனையை அந்நிறுவனம் 2021-இல் நிறுத்திவிட்டது. தவிர, இக்கருவிகளின் படத்தில் இரு கண்களுக்கும் ஒரே காட்சியே கிடைப்பதால் ஆழம் தோன்றாது. ‘அங்கேயே நிற்பது போல’ என்ற விளம்பரத்தை இந்த அளவுக்குத் தள்ளுபடி செய்தே படிக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை வேறு. ஐபிக்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம், இரு மீன்கண் படங்களை ஒட்டும் மென்பொருளை 1990-களில் விற்றது. சேமிக்கும் ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனியே ‘சாவி’ வாங்க வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. ஜெர்மனியின் ஃபுர்ட்வாங்கன் நகரப் பேராசிரியர் ஹெல்முட் டெர்ஷ், அதே வேலையைச் செய்யும் மென்பொருளை 1998-இல் இலவசமாக வெளியிட்டார். ஐபிக்ஸ் காப்புரிமையைக் காட்டி அவரை எதிர்த்தது. 2006-இல் ஐபிக்ஸ் திவாலாயிற்று. டெர்ஷின் மென்பொருளோ ‘ஹியூகின்’ என்ற இலவச மென்பொருளின் அடித்தளமாக நிலைத்திருக்கிறது. கைப்பேசிக் கருவிகளின் கதையும் இதேதான். ‘ஐஓ’ என்ற கருவியைத் தயாரித்த பிரெஞ்சு நிறுவனமான ஜிரோப்டிக் 2018-இல் மூடப்பட்டது. நானோ செருகும் ‘லைட்னிங்’ துளை 2023-இல் வந்த ஐபோன் 15-இல் இல்லை. கருவி போனால் போகட்டும். படம் அந்நிறுவனத்தின் செயலியில் மட்டுமே திறக்கும் வடிவில் இருந்தால், பாட்டியின் கடைசிப் பொங்கலும் அதோடு போய்விடும்.

ஆகவே வாங்குமுன் கடையிலேயே ஒரு படம் எடுத்துப் பாருங்கள். கருவியின் விளிம்புப் பக்கமாக, ஒட்டு விழும் திசையில், ஒரு மீட்டர் தொலைவில் நண்பரை நிறுத்துங்கள். படத்தைக் கணினிக்கு மாற்றுங்கள். அகலம் உயரத்தைப் போல் சரியாக இருமடங்காக உள்ள சாதாரண ஜேபெக் கோப்பாக அது வரவேண்டும். அவ்வடிவைப் பல இலவச மென்பொருள்கள் திறக்கும். வராவிட்டால் விலை எவ்வளவு குறைவானாலும் வேண்டாம். வந்தால், நண்பரின் முகத்தில் காதுகளை எண்ணுங்கள்.