பெயரில் ஏறிய ஊர்: சித்தூர் வி. நாகையாவின் தமிழ்

பிழைப்புக்காக ஊர் விட்டுப் போகும் கலைஞன் எதைக் கொண்டுபோகிறான், எதை இழக்கிறான் என்பது நம்மைப் போல் புலம்பெயர்ந்தவர்கள் கூடுமிடமெல்லாம் எழுகிற பேச்சு. பெரும்பாலும் அது ஏக்கத்தில் தொடங்கி ஏக்கத்திலேயே முடிந்துவிடும். ஏக்கத்தைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, ஒரு நடிகரின் தொழிலை வைத்து இதை ஆராயலாமே என்று தோன்றியது. அவர் சித்தூர் வி. நாகையா.

நாகையா சித்தூரில் பிறந்தவர் அல்லர். 1904இல் அன்றைய குண்டூர் மாவட்டத்தில் பிறந்தவர். சித்தூர் அவருக்கு இராம விலாச சபையில் நாடகமாடிய ஊர். தொழில் படிந்த ஊர். அதுதான் பெயரில் ஏறியது. புங்கனூரில் பிறந்த சங்கீத வித்வான் சுப்பிரமணிய பிள்ளைக்கும் முன்னொட்டு 'சித்தூர்'தான். அவர் காஞ்சிபுரம் நாயனா பிள்ளையிடம் பாட்டுக் கற்று, பின்னாளில் மதுரை சோமுவுக்குக் குருவாக இருந்தார். ஆக, கலைஞனின் ஊர்ப்பெயரைப் பிறப்புச் சான்றிதழாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது என் முதல் வாதம்.

அந்தச் சித்தூர் எப்படிப்பட்ட ஊர்? 1911இல் தனி மாவட்டமாகும் வரை வட ஆற்காட்டுக்குத் தலைநகராக இருந்தது. கடைத்தெருவில் ஒரு வாக்கியம் தெலுங்கில் தொடங்கித் தமிழில் முடியும். யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பக்கத்தில் திருப்பதியை எடுத்துக்கொள்ளுங்கள். திருமலைக் கோயில் கல்வெட்டுகளில் மிகப் பெரும்பான்மை தமிழ். அதே கோயிலில்தான் அன்னமாச்சாரியாரின் தெலுங்குப் பாடல்கள் செப்பேடுகளில் குவியலாகக் கிடைத்தன. இரண்டு மொழியும் ஒரே மலையில் குடியிருந்திருக்கின்றன.

இனி நடிப்புக்கு வருவோம். சித்தூர் மேடையில் நாகையா ஏற்ற வேடங்களில் ஒன்று, 'சாரங்கதர' நாடகத்தின் சித்ராங்கி. பெண் வேடம். மூத்தாள் மகன் மேல் ஆசை கொண்டு, அவன் மறுத்ததும் பழி சுமத்தி, தகப்பன் கையாலேயே அவனுக்குத் தண்டனை வாங்கித் தரும் சிற்றன்னை. தமிழ் மேடையிலும் நன்றாக ஓடிய கதைதான் இது. பின்னர் அவர் சென்னைக்கு வந்து, 1938இல் 'கிருஹலட்சுமி' என்ற தெலுங்குப் படத்தில் அறிமுகமாகிறார். 1941இல் தமிழில் 'அசோக்குமார்'. தியாகராஜ பாகவதர் குணாளன், கண்ணாம்பா திஷ்யரட்சிதை, நாகையா அசோகச் சக்கரவர்த்தி. கதை என்ன? சிற்றன்னையின் ஆசை, மகனின் மறுப்பு, பழி, தகப்பனின் தண்டனை. சித்ராங்கியின் கதையேதான்! சாரங்கதரனுக்குக் கைகால் போகிறது, குணாளனுக்குக் கண் போகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

சித்தூரில் ஏமாற்றுகிறவளாக நின்றவர், சென்னையில் ஏமாறுகிறவராக நிற்கிறார். எந்தச் சொல்லுக்குத் தகப்பன் மனம் சாயும் என்பது, அந்தச் சொல்லைத் தானே ஒருமுறை பேசியவருக்குத் தெரியாமல் இருக்குமா? 1958இல் 'சம்பூர்ண இராமாயண'த்தில் அவர் தசரதர். மறுபடியும் மனைவி சொல்லால் மகனை இழக்கும் தகப்பன். நாகையாவைச் 'சாந்த சொரூபி' என்று ஒரே சொல்லில் முடித்துவிடும் நம் சினிமா எழுத்தாளர்களோடு இங்கே எனக்குப் பிணக்கு உண்டு. அந்தச் சாந்தத்துக்கு அடியில் ஒரு சித்ராங்கி இருக்கிறாள். ஊர் மாறியபோது அவர் கொண்டுவந்த மூட்டையில் அவளும் இருந்தாள்.

1945இல் வந்த 'மீரா'வை இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டும். மதுரை எம்.எஸ். சுப்புலட்சுமி மீரா, நாகையா ராணா. இயக்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன், அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்துக்காரர். 1935இல் இந்தியா வந்து, 1936இல் 'சதிலீலாவதி'யை எடுத்து, 1950 வரை இங்கே தொழில் செய்தவர். தமிழ் தெரியாமலே தமிழ்ப் படம் எடுத்தவர். ஒரே படப்பிடிப்பில் இரண்டு வெளியூர்க்காரர்கள்! டங்கன் மொழியை மற்றவர்களிடம் விட்டுவிட்டுக் காமிராவைப் பிடித்துக்கொண்டார். அது ஒரு வழி. குறை சொல்ல மாட்டேன். நாகையாவுக்கு அந்த வசதி கிடையாது. நடிகன் மொழியை வாயில் போட்டுக்கொண்டாக வேண்டும்.

அவருடைய தமிழைக் கேட்டுப் பாருங்கள். அவசரம் இல்லை. என் காதுக்கு, சொல்லின் கடைசி ஒலியை அவர் சட்டென்று மூடுவதில்லை. கொஞ்சம் திறந்தே விடுகிறார். தெலுங்குச் சொற்கள் பெரும்பாலும் உயிரொலியில் முடிபவை. அந்தப் பழக்கம் என்று கொள்ளலாம். மனைவியைப் புரிந்துகொள்ள முடியாமல் கோபித்து, பின் அவளைத் தேடித் துவாரகைக்கு ஓடுகிற அரசனுக்கு இந்தத் தயக்கம் எவ்வளவு பொருந்துகிறது! சுத்தமான உச்சரிப்புள்ள ஒருவர் பேசியிருந்தால் கோபம் கேட்டிருக்கும், தவிப்பு கேட்டிருக்காது. நாம் குறை என்று திருத்த நினைப்பதுதான் இங்கே நடிப்பாக வேலை செய்கிறது. கண்ணாம்பாவும் தெலுங்கர்தான், 1942இல் இளங்கோவன் வசனத்தில் கண்ணகியாக நின்றபோது தமிழ்நாடு அவரிடம் ஊர்ச் சான்று கேட்கவில்லையே.

இன்னொன்று. நாகையா சென்னைக்கு வந்தபோது ஒரே மாகாணத்துக்குள்தான் ஊர் மாறினார். 1953 அக்டோபர் 1இல் ஆந்திரம் பிரிந்தது; சித்தூர் அந்தப் பக்கம் போயிற்று. திருத்தணி 1960இல் இந்தப் பக்கம் திரும்பியது. அவர் நகரவில்லை, எல்லை நகர்ந்தது. வெளி மாநிலத்தவர் ஆகிவிட்டார். 1973இல் சென்னையிலேயே காலமானார். தியாகராய நகர் பனகல் பூங்காவில் அவருக்குச் சிலை இருக்கிறது. 'மீரா'வின் நாயகி 1980ஐ ஒட்டித் தேவஸ்தானத்துக்காக அன்னமாச்சாரியாரின் தெலுங்கைப் பாடிப் பதிவு செய்தார். அவர் சிலை திருப்பதியில் நிற்கிறது. கொடுக்கல் வாங்கல் சரியாகிவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், இங்குள்ள ஒரு சங்கத்தின் நாடகத்துக்கு ஆள் தேர்வு நடந்தது. அனிமேஷன் வேலைக்காக இந்த நாட்டுக்கு வந்திருந்த சித்தூர் இளைஞர் ஒருவர், தசரதன் வசனத்தை மனப்பாடம் செய்துகொண்டு வந்தார். நன்றாகவே பேசினார். குழுவில் ஒரு பெரியவர், "தம்பி, உங்க தமிழ்ல தெலுங்கு வாடை அடிக்குதே" என்றார். சிரிப்பு எழுந்தது. அந்த இளைஞர், "எங்க ஊர்ல இதாங்கண்ணா தமிழ்" என்று மட்டும் சொன்னார். திரைச்சீலை வரைகிற வேலையைக் கொடுத்தார்கள்.

அந்தக் குழுவில் நானும் இருந்தேன். வாய் திறக்கவில்லை. 'மீரா'வைப் பலமுறை பார்த்தவன் நான். அயோத்தி அரண்மனையை அவர் மிக அழகாக வரைந்து கொடுத்தார். நாடகத்தன்று மேடையில் எல்லாரும் அதன் முன் நின்றுதான் படம் எடுத்துக்கொண்டோம். அடுத்த ஆண்டுத் தேர்வுக்கு அவர் வரவில்லை.