புறாக்காரர்களின் சபையில்

விஞ்ஞானிகளின் கடிதங்களை விஞ்ஞானத்துக்காகப் படிப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்த அளவு விஞ்ஞானம் தெரியாது. சார்லஸ் டார்வினுடைய கடிதங்களை நான் நாவல் படிப்பதுபோலவே படிக்கிறேன். அவர் எழுதியதும் அவருக்கு வந்ததுமாகச் சுமார் 15,000 கடிதங்கள். 1985ல் வெளிவரத் தொடங்கிய பதிப்பு 2023ல் 30-வது தொகுதியோடுதான் நிறைவு பெற்றது. எல்லாவற்றையும் படித்துவிட்டேன் என்று சொன்னால் வாசகர் நம்பமாட்டார், நம்பவும் வேண்டாம். புறாக்களைப் பற்றிய கடிதங்களை மட்டும் தேடிப்பிடித்துப் படித்தேன். ஒரு நல்ல நாவலுக்கு வேண்டிய பாத்திரங்கள் அவற்றில் இருக்கிறார்கள். அதைவிட முக்கியமாக, தெரியாத ஒன்றைத் தெரிந்தவரிடம் போய்க் கேட்பது எப்படி என்கிற விஷயம் இருக்கிறது. இது சின்ன விஷயம் என்று நினைப்பவர்கள் யாரிடமும் எதையும் கேட்டுப் பார்த்ததில்லை என்றுதான் சொல்லவேண்டும்.

முதலில் டார்வினுக்கும் கேட்கத் தெரியவில்லை. 1839ல், தம் முப்பதாவது வயதில், பிராணிகளை இனவிருத்தி செய்கிறவர்களுக்கென்று எட்டுப் பக்கத்தில் ஒரு கேள்விப் பிரசுரம் அச்சிட்டு அனுப்பினார். எண் போட்ட கேள்விகள் 21. ஒவ்வொரு எண்ணுக்குள்ளும் குட்டி போட்டதுபோல இன்னும் சில கேள்விகள். கேள்விகள் என்னவோ புத்திசாலித்தனமானவைதான். ஆனால் இன்று நமக்குக் கிடைத்திருப்பவை இரண்டே இரண்டு பேருடைய பதில்கள். வேறு சிலர் எழுதி, அவை தொலைந்தும் போயிருக்கலாம். இருந்தாலும் அந்தப் பிரசுரத்தைப் படிக்கும்போது தாலுகா கச்சேரியிலிருந்து வந்த காகிதத்தைப் படிப்பதுபோல இருக்கிறது. கேட்கிற மனிதர் எதற்காகக் கேட்கிறார், அவர் வீட்டில் ஒரு கன்றுக்குட்டியாவது உண்டா என்பதெல்லாம் அதில் தெரிவதில்லை. நாள் முழுதும் தொழுவத்தில் நின்றுவிட்டு வருகிறவன் ராத்திரி விளக்கடியில் உட்கார்ந்து இதற்கு ஏன் பதில் எழுதவேண்டும்?

பதினாறு வருஷம் கழித்து அதே மனிதர் வேறு மாதிரி கேட்கிறார். 1855ல் அவருக்கு வயது நாற்பத்தாறு. கப்பலின் அடியில் ஒட்டிக்கொள்ளும் கொட்டலசுகளைப் பற்றி எட்டு வருஷம் உழைத்துப் புஸ்தகங்கள் எழுதி, ராயல் சொசைட்டியின் பதக்கமும் வாங்கியிருந்தார். பெரிய மனிதர். ஆனால் புறாவைப் பற்றி ஒன்றும் தெரியாது. வளர்ப்புப் புறாக்களில் எத்தனையோ ஜாதிகள் இருக்கின்றனவே, தொண்டையை ஊதிக்கொண்டு நிற்பது, விசிறிபோல வாலை விரிப்பது, ஆகாயத்தில் கர்ணம் அடிப்பது என்று, இவை எல்லாம் ஒரே மாடப்புறாவின் வழிவந்தவைதானா என்று அவருக்குத் தெரியவேண்டியிருந்தது. யாரெல் என்ற பறவை சாஸ்திரியின் யோசனைப்படி, முதல் காரியமாகத் தாமே புறா வாங்கி, கெண்ட் ஜில்லாவில் டவுன் என்ற கிராமத்தில் இருந்த தம் வீட்டில் கூடு கட்டினார். அதற்குப் பிறகுதான் லண்டன் புறாக்காரர்களின் சங்கங்களுக்குப் போனார். இரண்டு சங்கங்களில் அங்கத்தினராகவும் சேர்ந்தார்.

இந்த வரிசைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கூடு கட்டியவன் கேட்கும் கேள்வியே வேறு. எனக்குத் தெரிந்த ஒருவர் மாடித் தோட்டத்தில் கெட்டிக்காரர். அவரிடம் வருகிற கேள்விகளைப் பார்த்திருக்கிறேன். 'ரோஜா வாடுகிறது, என்ன செய்யலாம்?' என்று ஒருவர் கேட்பார். தொட்டி எவ்வளவு பெரிது, வெயில் எத்தனை மணி நேரம், நேற்று என்ன உரம் போட்டார், எதுவும் கிடையாது. இதற்கு என்ன சொல்வது? 'தண்ணீர் விடுங்கள்' என்று சொல்லலாம். 'தண்ணீரைக் குறையுங்கள்' என்றும் சொல்லலாம். இரண்டும் சரியான பதில்தான்! பதில் வந்த பிறகு ரோஜா பிழைத்ததா செத்ததா என்று ஒரு வரி எழுதுகிறவரும் நூற்றில் ஒருவர்தான்.

புறாக்காரர்களோடு பழகிய அனுபவத்தை டார்வின் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த தம் மூத்த மகனுக்கு 1855 நவம்பரில் எழுதுகிறார். சாப்பாடு முடிந்ததும் பிரென்ட் என்ற விசித்திரமான புறாக்காரர் ஒரு களிமண் புகைக்குழாயை எடுத்து, உங்கள் குழாய் இதோ என்று, அவர் புகைப்பது நிச்சயம் என்பதுபோலக் கையில் கொடுத்துவிட்டாராம். புறாக்காரர்கள் எல்லோருமே குள்ளமாகத்தான் இருப்பார்கள் போலிருக்கிறது என்றும் வேடிக்கையாகச் சேர்த்திருக்கிறார். நேரில் மரியாதையாக உட்கார்ந்துவிட்டு முதுகுக்குப் பின்னால் பரிகாசம் செய்வது நியாயமா என்று ஒரு நண்பர் என்னிடம் வாதாடினார். பதினைந்து வயதுப் பையனுக்கு அப்பா எழுதும் கடிதத்தில் இதுகூட இல்லாமல் என்ன இருக்கும்? புஸ்தகத்தில் பரிகாசம் செய்திருந்தால் அது துரோகம். 'உயிரினங்களின் தோற்றம்' 1859ல் வந்தது. அதில் அவர் செய்ததைப் பாருங்கள். ஒவ்வொரு புறாக்காரரும் தம் ஜாதிப் புறா தனி மூதாதையிடமிருந்தே வந்தது என்று சத்தியம் செய்வார் என்கிறார். அவருடைய கருத்துக்கு இது நேர் விரோதம். இருந்தும் சிரிக்கவில்லை. வாழ்நாள் முழுதும் சின்னச் சின்ன வித்தியாசங்களையே பார்த்துப் பழகிய கண் அப்படித்தான் எண்ணும் என்று காரணம் சொல்கிறார். அதோடு நிற்காமல், வம்சாவளியைப் பற்றிப் புறாக்காரர்களைவிடக் குறைவாகவே தெரிந்த இயற்கை சாஸ்திரிகள், இதைப் பார்த்தாவது கொஞ்சம் நிதானம் கற்றுக்கொள்ளலாமே என்று அம்பைத் தம் இனத்தார் பக்கமே திருப்பிவிடுகிறார். கேட்டு வாங்கியவனுக்கு இதைவிட நல்ல நடத்தை கிடையாது.

கேட்காமல் கிடைத்ததும் உண்டு. புஸ்தகம் வெளிவந்த மூன்றாம் நாள் ஹக்ஸ்லிக்கு எழுதிய கடிதத்தில் ஒரு காட்சி வருகிறது. லண்டனில் பரோ பேட்டையில் ஒரு சாராயக் கடை. புறாக்காரர்கள் கூடி உட்கார்ந்திருக்கிறார்கள். இன்னார் தம்முடைய தொண்டை ஊதும் புறாவைப் பருமனாக்குவதற்காக வேறொரு பெருத்த ஜாதியோடு கலந்துவிட்டாராம் என்று யாரோ ஜாடையாகச் சொல்ல, அத்தனை தலைகளும் துக்க வீட்டில் ஆடுவதுபோல ஆடுகின்றன. அந்தத் தலையாட்டலிலிருந்து அவர் தெரிந்துகொண்டது, ஜாதி மேம்பாட்டில் கலப்புக்கு இடம் மிகக் குறைவு என்பது. 21 கேள்வியும் போட்டு அச்சடித்து அனுப்பியிருந்தாலும் இந்தப் பதில் வந்திராது. மூன்று வரியில் அவர் இதை எழுதியிருக்கிறார். எனக்கு மூன்று பக்கம் வேண்டியிருக்கும்.

கடிதங்களின் முறையைப் பற்றிச் சொல்லவேண்டும். கோழிக்கும் புறாவுக்கும் தேனீக்கும் பிரசித்தமான டெகெட்மையர் என்பவருக்கு அவர் வருஷக்கணக்காக எழுதினார். இன்ன ஜாதி, இன்ன எலும்பு, செத்த பறவை கிடைத்தாலும் போதும் என்று கேள்வி குறிப்பாக இருக்கும். செலவைத் தாம் ஏற்பதாகச் சொல்வார். தொந்தரவுக்கு மன்னிப்பும் கேட்பார். மன்னிப்பு சில இடங்களில் சலிப்புத் தட்டும் அளவுக்கு வருகிறது என்பதையும் சொல்லிவிடவேண்டும். இவ்வளவு மன்னிப்புக் கேட்கிறவர் கேள்வியில் ஒன்றைக் குறைத்திருக்கலாமே என்று தோன்றுகிறது.

இந்த வலை நம் சென்னை வரைக்கும் நீண்டிருக்கிறது. அமராவதிச் சிற்பங்களைத் தோண்டி எடுத்த வால்டர் எலியட் அப்போது சென்னை ராஜதானியில் உத்தியோகஸ்தர். 1856 ஜனவரியில் டார்வின் அவருக்கு எழுதி, இந்த நாட்டு வளர்ப்புப் புறாக்களின் தோல்கள் வேண்டுமென்று கேட்டார். எலியட் அனுப்பினார். அது மட்டுமல்ல, 1770ல் எழுதப்பட்ட பாரசீகப் புறா நூல் ஒன்றையும் அவருக்காக மொழிபெயர்த்துத் தந்தார். தோல் கேட்டவருக்கு நூலும் கிடைத்தது. நன்றாகக் கேட்டால் கேட்காததும் வரும் போலிருக்கிறது.

எலியட்டின் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. டார்வினுடைய நன்றி பெரும்பாலும் முன்னுரையில் ஒதுங்கி நிற்பதில்லை. வாதத்துக்குள்ளேயே, வாக்கியத்துக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்கிறது. தேன்கூட்டைப் பற்றிய பகுதியில், இரண்டு அடைகளுக்கு நடுவே கனத்த மெழுகுத் துண்டு ஒன்றை வைத்து, தேனீக்கள் அதை எப்படிக் குடைகின்றன என்று பார்த்த பரிசோதனை வருகிறது. டெகெட்மையரைப் பின்பற்றித்தான் இதைச் செய்தேன் என்று அங்கேயே எழுதியிருக்கிறார். அந்தப் பெயரை எடுத்துவிட்டால் வாக்கியம் நொண்டும். நம்மில் பலர் நன்றியை முதல் பக்கத்தில் மொத்தமாகத் தீர்த்துவிட்டு, உள்ளே எல்லாம் சொந்தச் சரக்காக நடமாட விடுகிறோம். அதனால்தான் இந்த வழக்கம் என் கண்ணில் பட்டது.

கேட்காமலே வந்த யோசனை ஒன்றும் அவருக்கு உண்டு. கையெழுத்துப் பிரதியைப் படித்த பாதிரியார் எல்வின், ஒரு பிரபல பத்திரிகையின் ஆசிரியர், மற்றதையெல்லாம் விட்டுவிட்டுப் புறாவைப் பற்றி மட்டும் எழுதச் சொல்லலாம், புறா என்றால் எல்லோருக்கும் பிடிக்கும் என்று பதிப்பாளருக்கு எழுதினார். டார்வின் அதை ஏற்கவில்லை. சண்டையும் போடவில்லை. இப்படிப்பட்ட யோசனையைப் பெறாத எழுத்தாளன் இருக்கிறானா என்ன?

இத்தனைக்கும் ஒரு குறை இருக்கிறது. அது லேசான குறையல்ல. 1862 வாக்கில் வரைக்கும் டார்வின் தமக்கு வந்த கடிதங்களைப் பத்திரப்படுத்தும் வழக்கம் வைத்துக்கொள்ளவில்லை. கம்பியில் குத்தி வைப்பார். கம்பி நிறைந்ததும் எரித்துவிடுவார். வேண்டிய பகுதி இருந்தால் அதை மட்டும் கத்தரித்துக் குறிப்புக் கட்டில் சேர்த்துக்கொள்வார். ஆகவே புறாக் கடிதங்களில் கேட்கிறவரின் குரல்தான் நமக்குக் கணீரென்று கேட்கிறது. சொன்னவர்களின் குரல் பெரும்பாலும் சாம்பலாகிவிட்டது. டெகெட்மையர் எந்தக் கேள்விக்கு உற்சாகமாக எழுதினார், எந்தக் கேள்விக்கு அலுத்துக்கொண்டார், இந்த மனிதர் விடமாட்டார் போலிருக்கிறதே என்று எப்போதாவது வீட்டில் முணுமுணுத்தாரா? நாவலாசிரியன் ஊகிக்கலாம். கடிதங்களில் பெரும்பாலும் கிடைப்பது, அவருக்கு எழுதப்பட்ட நன்றி மட்டுமே.